ஆடையூசியும் அஞ்சனக்கோலும்: சிறு உலோகப் பொருள்கள் பற்றிய ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் ஆகியனவே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. அகழ்வாய்விலும் தாதுகோபம், கோயில், கோட்டை, ஈமத்தாழி முதலான பெரும் எச்சங்களே கவனத்தைக் கவர்கின்றன. விரல் நீளமேயுள்ள ஒரு செப்புக் கோலோ, தலையிற் சிறு குமிழ் கொண்ட ஓர் ஊசியோ அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ‘ஏனைய சிறு பொருள்கள்’ என்ற தலைப்பின்கீழ் ஒரு வரியில் முடிந்துவிடுவதுண்டு. ஆயின், அரசரையும் போரையும் சற்றே விடுத்து, மக்கள் எதை உடுத்தனர், எதைக் கையாண்டனர், எவருடைய உழைப்பில் அப்பொருள்கள் உருவாகின என வினவத் தொடங்குவோமாயின், இச்சிறு பொருள்களே முதன்மைச் சான்றுகளாகிவிடுகின்றன.

இக்கட்டுரை தொலைதூரத்திலுள்ள இரு தீவுகளின் சிறு உலோகக் கோல்களை ஒப்புநோக்குகின்றது. ஒன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடையிற் கிடைத்த செப்புக் கோல்கள். மற்றையது, கி.பி. 5ஆம் நூற்றாண்டு தொடக்கம் 9ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வாழ்ந்த அங்கிலோ சக்சன் மக்களின் ஆடையூசிகள். தோற்றத்தில் இவை நெருங்கியவை. பயனில் முற்றிலும் வேறானவை. இவ்வேறுபாட்டை ஆராயும்போது, ஒரு பொருள் தன்னை அணிந்தவரின் இனத்தை அறிவிப்பதில்லை, அவரது உடையையும் அதன் பின்னாலுள்ள உழைப்பையும் வணிகத்தையுமே அறிவிக்கின்றது என்ற உண்மை புலனாகும். அதனைக்கூட, அப்பொருள் கிடந்த இடம் முறையாகப் பதிவுசெய்யப்பட்டிருந்தால் மட்டுமே நாம் அறிய முடியும்.

கந்தரோடைக் கோல்கள்

கந்தரோடையின் தொல்பொருட் சிறப்பை அறிவுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர் வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ். 1917ஆம் ஆண்டிலும் 1919ஆம் ஆண்டிலும் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட கட்டுரைகளில், அவ்விடத்துப் பௌத்த எச்சங்கள், முத்திரை குத்திய நாணயங்கள், உரோம நாணயங்கள் ஆகியவற்றோடு சில செப்புக் கோல்களையும் குறிப்பிட்டார். அவை கண்ணுக்கு மை தீட்டப் பயன்பட்டவை எனவும், கி.மு. 2000 அளவில் எகிப்தியப் பெண்கள் பயன்படுத்திய கோல்களை ஒத்தவை எனவும் கருதப்பட்டன. பின்னர் எழுந்த நூல்கள் பலவற்றில் இவ்வொப்புமை மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்டு, ஈழத்துக்கும் எகிப்துக்கும் இடையிலான மிகப் பழைய கடல் வணிகத்துக்குச் சான்றாகவும் ஆக்கப்பட்டது.

அஞ்சனக்கோல் என்ற அடையாளப்படுத்தல் ஏற்கத்தக்கதே. கண்ணுக்கு மை எழுதும் வழக்கம் தமிழிலக்கியத்தில் நன்கு அறியப்பட்டது. திருக்குறளின் 1285ஆம் குறள் மை தீட்டும் கோலையே உவமையாகக் கையாள்கின்றது. மதுரையை அடுத்த கீழடியில் 2014ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்றுவரும் அகழ்வாய்வுகளிலும் செம்பாலான அஞ்சனக்கோல்கள் வெளிப்பட்டுள்ளன. ஆகவே கந்தரோடைக் கோல்களுக்கு உறவு தேட எகிப்து வரை செல்லவேண்டிய தேவை இல்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் நோக்கினாலே போதும்.

எகிப்தியத் தொடர்பென்ற முடிபோ வேறு வகையானது. கண்ணிமையைக் காயப்படுத்தாத வகையில் மை தீட்டும் கருவி எங்குச் செய்யப்பட்டாலும் மெல்லியதாகவும், வழவழப்பானதாகவும், நுனி மழுங்கியதாகவுமே இருக்கும். பயன் ஒன்றாயின் வடிவமும் ஒன்றாதல் இயல்பு. மேலும், கந்தரோடையின் பழைய குடியிருப்பு கி.மு. முதலாம் ஆயிரமாண்டுக்குரியது, ஒப்புக்காட்டப்பட்ட எகிப்தியக் கோல்களோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. காலத்தால் இத்துணை இடைவெளியுள்ள இரு பொருள்களின் வடிவ ஒற்றுமை வணிகத்தை நிறுவாது. கந்தரோடை கடல் கடந்த வணிகத்தில் ஈடுபட்டிருந்தது என்பதற்கு உரோம நாணயங்கள் சான்றாகும். அஞ்சனக்கோலை அதற்குத் துணையழைப்பது பொருந்தாது.

இங்கே இன்னொரு குறைபாடும் உண்டு. பீரிஸ் காலத்தில் திரட்டப்பட்ட பொருள்களுக்கு மண்ணடுக்கு விவரம் இல்லை. 1970ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் கந்தரோடையில் மேற்கொண்ட சோதனை அகழ்வின் பின்னரே அங்குள்ள மண்ணடுக்குகளின் ஒழுங்கு ஓரளவு தெளிவாயிற்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்ட கோல்களை அவ்வடுக்குகளுட் பொருத்திப் பார்க்க வழியில்லை. கோல் எஞ்சியிருக்கின்றது, அதன் காலம் தொலைந்துவிட்டது.

அங்கிலோ சக்சன் ஆடையூசி

பிரித்தானியாவில் உரோமர் ஆட்சி கி.பி. 410 அளவில் முடிவுற்றபின், வட கடலின் மறுகரையிலிருந்து அங்கிலர், சக்சனியர், யூட்டர் எனப்பட்ட மக்கள் அங்குக் குடியேறினர். இவர்கள் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இறந்தோரை ஆடையணிகளுடன் புதைக்கும் வழக்கமுடையவராயிருந்தனர். துணி மண்ணில் மக்கிப் போயினும் அதனைப் பிணைத்திருந்த உலோகம் எலும்புக்கூட்டின்மேல் இருந்த இடத்திலேயே எஞ்சியது. ஆகவே, எந்த ஊசி எந்த இடத்தில் எந்த ஆடையைப் பிணைத்தது என்பதனை ஆய்வாளர் பல புதைகுழிகளை ஒப்பிட்டு அறிய முடிந்தது.

5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் பெண்கள் குழாய் வடிவான நீண்ட கம்பளி ஆடையை அணிந்து, இரு தோள்களிலும் ஒவ்வொரு சட்டையூக்கினால் அதனைப் பிணைத்தனர். இரண்டுக்கும் இடையே மணிச்சரம் தொங்கியது. மேற்போர்வையை மார்பின் நடுவில் மூன்றாவது ஊக்கு அல்லது நீண்ட ஊசி இணைத்தது. 597ஆம் ஆண்டில் அகஸ்தீனார் கெந்து நாட்டுக்கு வந்து கிறித்தவத்தைப் பரப்பத் தொடங்கியதையொட்டிய காலப்பகுதியில் இவ்வுடை முறை மாறியது. தோளில் இணையாக அணியப்பட்ட ஊக்குகள் மறைந்தன. கழுத்தருகே முக்காட்டையோ மெல்லிய மேலாடையையோ பிணைக்கும் சிறு ஊசிகள் தோன்றின. செல்வர் வீட்டுப் பெண்கள் இரண்டு ஊசிகளைச் சிறு சங்கிலியால் இணைத்து அணிந்தனர். மத்தியதரைக் கடல் நாடுகளினதும் பிராங்கியரினதும் உடைப் பாங்கு இம்மாற்றத்திற் செல்வாக்குச் செலுத்தியது என்பர்.

8ஆம் நூற்றாண்டளவில் புதைகுழியில் பொருள் இடும் வழக்கம் ஒழிந்தது. அதன்பின் ஊசிகள் கல்லறையிலன்றி ஊர்களிலும் துறைமுகங்களிலும் மடாலயங்களிலும் கிடைக்கின்றன. சவுதாம்தனின் பழைய துறைமுகமான ஹாம்விக், விற்பி மடாலயம், 1989 - 1991 காலப்பகுதியில் அகழப்பட்ட பிளிக்ஸ்பரோ ஆகிய இடங்களில் அவை பெருந்தொகையாக வெளிப்பட்டன. இவை யாரும் வேண்டுமென்று புதைத்தவையல்ல. நடக்கையிலும் வேலை செய்கையிலும் ஆடையிலிருந்து நழுவி விழுந்தவை. பெரும்பாலானவை செப்புக் கலவையாலானவை. 5 முதல் 8 சென்ரிமீற்றர் வரை நீளமுடையவை. தலை உருண்டையாகவோ, பல பட்டைகள் கொண்டதாகவோ, தட்டையான வட்டாகவோ அமையும். சிறு வட்டமும் நடுவே புள்ளியுமாகிய கோலம் பலவற்றிற் காணப்படுகின்றது. சிலவற்றின் தண்டு நடுப்பகுதிக்குக் கீழே சற்றுப் பருத்திருக்கும். ஊசி துணியிலிருந்து வழுவாதிருக்கச் செய்யப்பட்ட உபாயம் அது.

இவ்வகையின் உயர்ந்த எடுத்துக்காட்டு, 1826ஆம் ஆண்டில் லிங்கன் நகரை அடுத்த விதம் ஆற்றிற் கண்டெடுக்கப்பட்ட மூன்று ஊசிகளின் தொகுதியாகும். 8ஆம் நூற்றாண்டுக்குரிய இவை பொன் முலாம் பூசிய வெள்ளியாலானவை. வட்டமான தலைகளில் பின்னிப் பிணைந்த விலங்குருக்கள் செதுக்கப்பட்டுள்ளன. இன்று இவை பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. எனினும் ஆற்றிற் கிடைத்தமையால் இவற்றை அணிந்தவர் யார், எவ்வாறு அணிந்தார் என அறிய வழியில்லை. பிளிக்ஸ்பரோவின் எளிய செப்பூசியொன்று, எந்த வீட்டருகே எந்த மண்ணடுக்கிற் கிடந்தது என்ற குறிப்போடு இருப்பதால், வரலாற்று மாணவனுக்கு விதம் ஆற்றின் வெள்ளியூசியைவிடக் கூடுதலாகவே பேசுகின்றது.

உடையும் கோலும்

மேற்கூறியவற்றைப் படிக்கும் எமக்கு ஒரு வினா எழும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆடையூசி ஏன் முக்கியம் பெறவில்லை? ஆதிச்சநல்லூரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் றீ நடத்திய அகழ்வில் பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புப் படைக்கலங்களும் ஏராளமாக வெளிப்பட்டன. உலோகத் தொழில் அறியாத மக்களல்லர் இவர்கள். ஆயினும், இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கிற் கிடைக்கும் ஆடையூசிக்கு இணையான ஒரு பொருள்வகை நம் பகுதிகளில் உருவாகவில்லை.

காரணம் உடையில் உள்ளது. குளிர்நாட்டின் தடித்த கம்பளி நெசவு தளர்வானது. ஊசி நுழைந்து வெளிவந்தாலும் இழை விலகி இடங்கொடுக்கும். அதன் கனத்தினால் அதனை முடிச்சிடுவதோ செருகுவதோ கடினம். வெப்பநாட்டின் பருத்தித் துணியோ மெல்லியது. தடித்த உலோக ஊசி அதனைக் கிழித்துவிடும். அதேவேளை அதனைச் சுற்றலாம், மடிக்கலாம், கொய்யகம் வைத்து இடையிற் செருகலாம், தலைப்பைத் தோளில் இடலாம். வேட்டி, சேலை, கண்டிப் பெண்களின் ஒசரி ஆகிய யாவும் இம்முறையின் வேறுபாடுகளே. இன்று சேலைக்கு ஊக்குக் குத்தும் வழக்கம் தொழிற்சாலை உற்பத்தியோடு வந்த அண்மைக்கால வழக்கமாகும். ஆகவே ஆடையூசி இல்லாமை பின்தங்கிய நிலையின் அடையாளமன்று. வேறொரு நெசவின், வேறொரு காலநிலையின் விளைவு.

இதனால் அகழ்வாய்வாளருக்குக் கிடைக்கும் நடைமுறைப் பயனும் உண்டு. மண்ணிலிருந்து வெளிப்படும் மெல்லிய கோல் ஆடையூசி, கொண்டையூசி, அஞ்சனக்கோல், எழுத்தாணி ஆகிய நான்கில் ஒன்றாகலாம். ஊசிக்குக் கூர்நுனியும் பருத்த தலையும் வேண்டும். அஞ்சனக்கோலின் நுனி மழுங்கியிருக்கும். எழுத்தாணி பிடிப்பதற்கு வாய்ப்பான கனமுடையதாயிருக்கும். முழுமையாகக் கிடைக்கும்போது வேறுபாடு தெளிவு. துருப்பிடித்து உடைந்த துண்டாகக் கிடைக்கும்போது நிலைமை வேறு. விற்பியிலும் பிளிக்ஸ்பரோவிலும் ஊசிகளோடு மெழுகுப் பலகையில் எழுதும் ஆணிகளும் கிடைத்தன; அவ்வாணிகளின் மறுமுனை எழுத்தை அழிப்பதற்காகத் தட்டையாக்கப்பட்டிருக்கும். அம்முனை உடைந்துபோன தண்டினை ஊசியென்று கொள்வதா, ஆணியென்று கொள்வதா? முதலாவதாயின் ஒருவர் ஆடை பிணைத்த செய்தி. இரண்டாவதாயின் அவ்வூரில் எழுத்தறிவு இருந்த செய்தி. ஒரு சிறு துண்டின் பெயரில் ஒரு சமூகத்தின் கல்வி வரலாறே தங்கியிருக்கின்றது. ஓலையும் எழுத்தாணியும் ஆயிரமாண்டுகளுக்கு மேல் வழங்கிய நம் நாட்டுக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

காவிரித் துறைமுகத்துச் செங்கல்

உடையில் வேறுபட்ட இவ்விரு உலகங்களும் பொருளுற்பத்தியிலும் வணிகத்திலும் முற்றாகத் தொடர்பற்றிருக்கவில்லை. அங்கிலோ சக்சன் பொன்னூசிகளிலும் ஊக்குகளிலும் மிக விரும்பிப் பதிக்கப்பட்ட கல் கார்னெட் எனப்படும் செந்நிற மணிக்கல். இலத்தீன் மொழியில் மாதுளையைக் குறித்த சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1939ஆம் ஆண்டில் சட்டன் ஹூவில் வெளிப்பட்ட கப்பற் புதையலின் அணிகலன்களில் இக்கல்லே மேலோங்கி நிற்கின்றது. கல்லை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் கனமான தகடுகளாகச் சீவி, அடியில் கோடுகள் பொறித்த பொற்றாளை வைத்துப் பொற்சிறைகளுட் பதித்தனர். ஒளி கல்லினூடு புகுந்து பொற்றாளில் பட்டுச் செந்தழல்போல் மீளும்.

இக்கற்கள் எங்கிருந்து வந்தன? பிரான்சின் லூவர் நூதனசாலையைச் சார்ந்த ஆய்வுகூடத்தில் தோமஸ் கலிகாரோ, பற்றிக் பெரன் முதலியோர் துகள்முடுக்கியின் துணைகொண்டு கற்களின் இரசாயனச் சேர்க்கையை ஆராய்ந்து 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டனர். 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் பிராங்கிய அணிகலன்களிற் பதிக்கப்பட்ட கற்களின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும், ஒரு பகுதி இலங்கையிலிருந்தும் சென்றிருக்கவேண்டும் என அவர்கள் கண்டனர். 7ஆம் நூற்றாண்டில் பொகீமியாவிலிருந்து பெறப்பட்ட சிறு கற்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டபோட்சயர்ப் புதையலை ஆராய்ந்தோரும் சிறிய கற்கள் பொகீமியப் பகுதிக்கும் பெரியவை தென்னாசியாவுக்கும் உரியவையாகலாம் எனக் கருதினர்.

இரசாயனம் கூறுவதற்கு இலக்கியச் சான்றும் துணைநிற்கின்றது. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய அலெக்சாந்திரிய வணிகர் கொஸ்மஸ், இந்திய - ஈழத் துறைமுகங்களை வரிசைப்படுத்தும்போது, சங்கு ஏற்றுமதி செய்யும் மறல்லோ என்ற துறையை அடுத்து ‘கபேர்’ என்ற துறையையும், அங்கிருந்து ‘அலபண்டேனம்’ ஏற்றுமதியாவதையும் குறிப்பிடுகின்றார். கபேர் என்பது காவிரிப்பூம்பட்டினம் எனவும், அலபண்டேனம் என்பது செந்நிறக் கார்னெட் எனவும் அறிஞர் பலர் கொள்வர். இலங்கையைக் கொஸ்மஸ் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவணமைந்த பெருஞ்சந்தையாக விவரிக்கின்றார். 1980 - 1984 காலப்பகுதியில் ஜோன் காஸ்வெல் தலைமையில் மாந்தையில் நடந்த அகழ்வுகள் அவ்விவரணைக்கு உயிர்கொடுத்தன.

காவிரிப்பூம்பட்டினத்தைச் சங்ககாலத்தோடு முடிந்துபோன நகரமாகவே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். இக்குறிப்போ 6ஆம் நூற்றாண்டிலும் அத்துறை வெளிநாட்டு வணிகர் அறிந்த ஏற்றுமதித் தளமாக விளங்கியதைக் காட்டுகின்றது. தமிழ்நாட்டு வரலாற்றில் ‘இருண்ட காலம்’ எனப் பலரும் பெயரிட்ட நூற்றாண்டுகளின் இறுதியில், காவிரிக் கரையிலிருந்து சென்ற கற்கள் ஐரோப்பியக் கல்லறைகளில் ஒளிவிட்டிருக்கக்கூடும். ‘இருள்’ என்பது எழுத்துச் சான்றின் குறைவைக் குறிக்கலாமேயன்றி உற்பத்தியின் நிறுத்தத்தைக் குறிக்காது.

7ஆம் நூற்றாண்டில் இக்கல் வரத்துக் குறைந்தமைக்குச் செங்கடல் வழியில் பாரசீகரின் ஆதிக்கம், பின்னர் அராபியரின் எழுச்சி ஆகியவற்றைச் சிலர் காரணங்காட்டுவர். தென்னாசியாவின் உள்நாட்டு மாற்றங்களை வேறு சிலர் சுட்டுவர். எவ்வாறாயினும், கடல்வழியின் மாற்றமொன்று இங்கிலாந்துப் பொற்கொல்லனின் கைக்குக் கிடைத்த கல்லின் அளவையே சிறிதாக்கியது என்பது கருதத்தக்கது.

கல்லும் கைவினைஞரும்

கார்னெட் நமக்கு அயலான பொருளன்று. அம்பிட்டிய உட்படக் கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டில் வாழ்வோர் பாறைவெட்டுகளில் செந்நிறப் பொட்டுகளாகக் காணும் கல் அதுவே. பாறையிற் பதிந்தவை பெரும்பாலும் வெடிப்புற்றவை. அணிகலனுக்கு ஏற்ற கற்கள் ஆற்றுப்படுகையின் ‘இல்லம்’ எனப்படும் மணிக்கற் சரளையிலிருந்து அரித்தெடுக்கப்படுவன. அச்சரளையைத் தோண்டியவர், கல்லைத் தேய்த்தவர், துளையிட்டவர் ஆகியோரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் குவிந்து கிடந்த மணிகளும் செய்முறைக் கழிவுகளும் மட்டுமே அத்தகையோரின் உழைப்புக்குச் சாட்சி.

கல்லையும் கைவினையையும் ஒருங்கே அறிந்த ஒருவர் நம் நாட்டிற் பணியாற்றினார். ஈழத்துத் தமிழறிஞர் முத்துக் குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமி, 1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணிப்பாளராக இருந்தார். பாறைகளைத் தேடி ஊரூராகச் சென்ற அவர், கண்டிப் பகுதியின் உலோகத் தொழிலாளர் குடும்பங்களைக் கண்டு, அவர்தம் தொழில்முறைகளைப் பதிவுசெய்து, 1908ஆம் ஆண்டில் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கண்டி அரசின்கீழ் பொற்கொல்லர், வெள்ளிவேலையாளர், கன்னார் முதலியோர் நவந்தன்னோ என்னும் சாதியிற் பிறப்பால் அடங்கியவராய், நிலமானியத்துக்கு ஈடாக அரசனுக்கும் கோயிலுக்கும் இராசகாரியம் புரிந்தனர். அரசவைத் தேவைக்கெனத் தனிப் பட்டறைகள் அமைந்திருந்தன. ‘கொண்டக்கூர’ எனப்படும் கொண்டையூசியும், ‘பன்ஹிந்த’ எனப்படும் எழுத்தாணியும், வாளின் கைப்பிடியும் இத்தொழிலாளர் சமூகத்தின் படைப்புகளே. அரசியர் வாழ்ந்த பள்ளே வாகலை இன்று கண்டித் தேசிய நூதனசாலையாக விளங்குகின்றது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அக்காலத்து அணிகளைக் காண்போர் அணிந்த சீமாட்டியை எண்ணுவர். செய்த தொழிலாளியை எண்ணுவோர் சிலரே.

குமாரசுவாமியின் முறையில் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் பொருளை அதைச் செய்தவரிடமிருந்து பிரிக்கவில்லை. எக்கருவியால், எந்த உருக்குமுறையால், எவ்வகைக் கூலிக்கு அல்லது மானியத்துக்கு அது செய்யப்பட்டது என வினவினார். அங்கிலோ சக்சன் ஊசியை வார்த்தவனிடம் இவ்வினாவைக் கேட்க இயலாது. கண்டிப் பட்டறைகளின் வழித்தோன்றல்கள் நம்மிடையே உள்ளனர். கேட்கும் வாய்ப்பும் இன்னும் உள்ளது.

ஊசியும் இனமும்

சிறு உலோகப் பொருள்களின் ஆய்வில் மிகவும் கவனத்திற் கொள்ளவேண்டியது இனம் பற்றிய வினாவாகும். பீட் என்னும் துறவி 731ஆம் ஆண்டில் முடித்த திருச்சபை வரலாற்றில், குடியேறியோரை அங்கிலர், சக்சனியர், யூட்டர் என மூன்றாக வகுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிலப்பகுதியைக் குறித்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத் தொல்பொருளியலாளர் இப்பகுப்பைப் பின்பற்றி, சிலுவை வடிவ ஊக்கு கிடைக்குமிடம் அங்கிலர் நாடு, தட்டு வடிவ ஊக்கு கிடைக்குமிடம் சக்சனியர் நாடு எனப் படம் வரைந்தனர். ஈ. ரி. லீட்ஸ் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இவ்வாய்வு மரபில் முக்கியமானது. காலப்போக்கில் இம்முறையின் குறை வெளிப்பட்டது. உடை கற்றுக்கொள்ளப்படுவது, மணவுறவாலும் அயலுறவாலும் அரசியற் சார்பாலும் மாறுவது. ஓர் ஊக்கை அணிந்தவள் தான் யாராக மதிக்கப்பட விரும்பினாள் என்பதை அது காட்டலாம். அவளுடைய பாட்டன் எவ்வூரான் என்பதைக் காட்டாது.

2022ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த 278 பேர் உள்ளிட்ட 460 இடைக்கால மக்களின் எலும்புகளை ஆராய்ந்தது. கிழக்கு இங்கிலாந்து மக்களின் மரபில் சராசரியாக 76 சதவீதம் வட கடலின் மறுகரையிலிருந்து வந்ததென அது கண்டது. குடியேற்றம் பெரியது என்பது இதனால் உறுதியாயிற்று. அதேவேளை, வந்தோரும் பழங்குடியினரும் இருவர்க்கும் பிறந்தோரும் ஒரே இடுகாட்டிற் புதைக்கப்பட்டமையும் தெரியவந்தது. மக்கள் வந்தார்கள் என்பது மெய். ஊக்கைப் பார்த்து அவர்களைப் பிரித்துவிடலாம் என்பதுதான் பொய்.

இதனை ஒரு தனி எடுத்துக்காட்டு நன்கு விளக்கும். 2011ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜை அடுத்த திரம்பிங்ரனில், கட்டிலில் கிடத்திப் புதைக்கப்பட்ட ஏறத்தாழப் பதினாறு வயதுப் பெண்ணின் கல்லறை வெளிப்பட்டது. பொன்னும் கார்னெட்டும் இழைத்த சிறு சிலுவையொன்றும், சங்கிலியால் இணைக்கப்பட்ட பொன்னூசிகளும் அவள் உடலின்மீது இருந்தன. 7ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குரிய இவ்வூசிகளைக் கண்டோர் உள்ளூர்ச் சீமான் வீட்டுப் பெண் எனவே எண்ணியிருக்கக்கூடும். 2023ஆம் ஆண்டில் வெளியான எலும்பு, பல் ஆய்வு முடிவுகளோ, அவள் அல்ப்ஸ் மலையடிவாரத்தில், அநேகமாகத் தென் ஜேர்மனியில், பிறந்து ஏழு வயதுக்குப் பின்னரே இங்கிலாந்துக்கு வந்தவள் எனக் காட்டின. அவ்வூசியும் சிலுவையும் அவளுடைய செல்வத்தையும் சமயத்தையும் சரியாகவே உரைத்தன. பிறப்பை உரைக்கவில்லை, உரைக்கும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை.

இலங்கையின் ஆதிவரலாறு பற்றிய விவாதங்களில் இப்படிப்பினை மிகவும் வேண்டப்படுவது. கறுப்பு - சிவப்பு மட்கலம் அநுராதபுரத்திலும் கந்தரோடையிலும் பொம்பரிப்பிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கின்றது. அதனை இன்றைய ஓர் இனத்தின் கொடியாகப் பிடிக்க முயல்வோர் இரு பக்கத்திலும் உளர். அப்பானையைச் செய்தவர் தம்மை இன்றைய பெயர்களால் அழைத்துக்கொண்டனர் எனக் கருதச் சான்றில்லை. பேராசிரியர் கா. இந்திரபாலா தம் பிற்கால நூலில் இனக்குழு அடையாளங்கள் நீண்ட காலப் போக்கில் உருவாகி வளர்ந்தவை என வற்புறுத்தியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இவ்விடத்தில், அவர் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் 1980ஆம் ஆண்டளவில் ஆனைக்கோட்டையில் கண்ட உலோக முத்திரையையும் நோக்கலாம். மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் ‘கோவேத’ எனப் படிக்கப்பட்ட பிராமி எழுத்துகளும் கொண்ட அச்சிறு பொருள், எலும்புக்கூட்டோடும் மட்கலங்களோடும் ஈமக்குழியிற் கிடைத்தது. குறியீட்டு மரபும் எழுத்து மரபும் ஒரே காலத்தில், ஒரே பண்பாட்டுச் சூழலில் வழங்கின என நாம் துணிந்து கூற முடிவது அவ்விட விவரத்தினாலேயே. அதே முத்திரை யாரோ ஒருவரின் தோட்டத்திற் பொறுக்கியதாக வந்திருப்பின், அதன் எழுத்து எஞ்சும். காலமும் சூழலும் அழிந்திருக்கும். கந்தரோடைக் கோலுக்கும் ஆனைக்கோட்டை முத்திரைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முடிவுரை

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதையற் சட்டம் பொன், வெள்ளிப் பொருள்களை அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. தனியொரு செப்பூசி அதனுள் அடங்காது. எனினும் 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பதிவுத் திட்டத்தின்கீழ், உலோகங்காட்டி கொண்டு வயல்களிற் தேடுவோர் தாமே முன்வந்து தம் கண்டெடுப்புகளை இடவிவரத்தோடு பதிவுசெய்து வருகின்றனர். பதிவான பொருள்கள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. மண்ணடுக்கைக் குலைத்து எடுப்பதால் இழப்பு உண்டெனத் தொல்பொருளியலாளர் குறைகூறுவதும் நியாயமே. ஆயினும் உழவன் மகன் கண்டெடுத்த ஊசியும் அறிவின் பொதுச்சொத்தாக மாறும் ஒரு வழி அங்குத் திறந்துள்ளது.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இதனினும் உறுதியானது. நிலத்தடியிற் கண்டுபிடிக்கப்படாதுள்ள தொல்பொருள்கள் அரசின் உடைமை. அனுமதியின்றி அகழ்வது குற்றம். சட்டம் இருந்தும் புதையல் தேடித் தாதுகோபத்தையும் ஈமக்காட்டையும் தோண்டுவோர் ஓய்ந்தபாடில்லை. அவர்கள் தேடுவது பொன். வழியிற் கிடைக்கும் செப்புத் துண்டையும் உடைந்த கலத்தையும் எறிந்துவிடுகின்றனர். பொன்னை எடுத்துச் செல்வதைவிட, எறியப்படும் செம்பினால் வரலாற்றுக்கு நேரும் இழப்பே பெரிது. அரசனின் பொன்னைப் பற்றிச் சொல்லக் கல்வெட்டுகள் உள்ளன. கண்ணுக்கு மை தீட்டிய பெண்ணைப் பற்றிச் சொல்ல அச்செப்புக் கோலைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஆகவே நம் பல்கலைக்கழக மாணவர் ஆற்றவேண்டிய பணிகள் மூன்று. முதலாவது, நூதனசாலைகளிலும் பழைய அறிக்கைகளிலும் ‘கோல்’, ‘ஊசி’, ‘கம்பி’ என்ற பெயரோடு முடங்கிக் கிடக்கும் சிறு பொருள்களை அளந்து, வரைந்து, நுனியும் தலையும் நோக்கி மீள வகைப்படுத்தல். இரண்டாவது, கண்டிப் பகுதியின் உலோகத் தொழிலாளரிடம் எஞ்சியுள்ள தொழிற்சொற்களையும் செய்முறைகளையும் தமிழிலும் சிங்களத்திலும் திரட்டுதல். மூன்றாவது, ஊரவர் தம் நிலத்திற் காணும் சிறு பொருளை எடுத்த இடத்தின் பெயரோடு கொண்டுவந்து காட்டும் நம்பிக்கையை அவர்களிடம் வளர்த்தல். இவற்றுக்குப் பெரும் பணமோ வெளிநாட்டுக் கருவிகளோ வேண்டியதில்லை. அளவுகோலும் குறிப்பேடும் பொறுமையும் போதும்.

திரம்பிங்ரன் பெண்ணின் ஊசிகள் அவளது கல்லறையில் இருந்த இடத்திலேயே எடுக்கப்பட்டன. அதனால் அவள் கதையை ஓரளவேனும் நாம் அறிகின்றோம். கந்தரோடையில் மை தீட்டிய பெண்ணின் கோல் நம்மிடம் வந்து ஒரு நூற்றாண்டாகிவிட்டது. அவள் கதை வரவில்லை. இனி வெளிப்படவிருக்கும் கோல்களுக்கேனும் அந்நிலை நேராதிருத்தல் வேண்டும்.